கீரையில் இருக்கும் ஃபோலேட்டும் மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் ஆசிடும் ஒன்றுதானா?

வாசுகி, பெரம்பூர்:

வணக்கம். எனக்கு 29 வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது, இந்த வருஷம் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். போன வாரம் டாக்டரைப் பார்த்தபோது, "இப்போதே ஃபோலிக் ஆசிட் ஆரம்பித்துவிடுங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். வெளியே கூட்டம் நின்றதால் விளக்கமாக எதையும் கேட்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு பேச்சு. பக்கத்து மருந்துக் கடையில் சின்ன மஞ்சள் மாத்திரை கொடுத்தார்கள். அட்டையில் "ஃபோலிக் ஆசிட் 5 மி.கி" என்று இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, அது செயற்கை. நிறைய பேருக்கு உடம்பில் சேரவே சேராது. மெத்தில்ஃபோலேட் வாங்கு" என்றார். அவர் பேச்சைக் கேட்டு என் கணவர் எல்-மெத்தில்ஃபோலேட் 1 மி.கி வாங்கி வந்துவிட்டார். விலை அந்த மஞ்சள் மாத்திரையைப் போலப் பல மடங்கு.

அம்மாவோ இரண்டையும் தொடாதே என்கிறார். "உன்னைப் பெத்தப்ப நான் எந்த மாத்திரையைக் கண்டேன்? கொல்லையில முருங்கை நிக்குது, தினம் ஒரு பிடி உருவி வதக்கித் தின்னு" என்கிறார்.

கீரையில் இருப்பது, மஞ்சள் மாத்திரை, விலை கூடிய மாத்திரை, இந்த மூன்றும் ஒரே வைட்டமின்தானா? ஒன்று என்றால் ஏன் மூன்று பெயர்? வேறு என்றால் நான் எதைச் சாப்பிடுவது? முட்டை சாப்பிடுவேன், ஞாயிற்றுக்கிழமை மீன் உண்டு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சிஸ்டர், திருவல்லிக்கேணி:

வாசுகி, நான் 31 வருஷம் அரசு மகப்பேறு வார்டுகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. ஆனால் இந்த மஞ்சள் மாத்திரையை என் கையால் எத்தனை ஆயிரம் பேருக்குக் கொடுத்திருப்பேனோ, கணக்கே இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மூன்றும் ஒரே குடும்பம். வைட்டமின் பி9 என்று சொல்வது அந்தக் குடும்பத்தைத்தான். பொதுப் பெயர் ஃபோலேட். லத்தீனில் ஃபோலியம் என்றால் இலை. 1941இல் அமெரிக்காவில் டெக்சாஸில் நாலு டன் பாலக் கீரையை அரைத்து வடித்து, அதிலிருந்து துளியளவு பிரித்தெடுத்தார்கள். இலையிலிருந்து வந்ததால் அந்தப் பெயர்.

கீரையிலும் பருப்பிலும் இருக்கும் ஃபோலேட்டுக்கு ஒரு வால் உண்டு. குளூட்டமேட் என்ற சின்னச் சின்னத் துண்டுகள், தொடுத்த பூச்சரம் போல, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். அந்தச் சரத்தோடு அது குடல் சுவரைத் தாண்டி உடம்புக்குள் நுழைய முடியாது. சிறுகுடலின் சுவரில் இருக்கும் ஒரு நொதி, ஒவ்வொரு பூவாகக் கிள்ளி எடுத்து, கடைசியில் ஒன்றே ஒன்றை விட்டுவைக்கும். அப்புறம்தான் உள்ளே போகும். இந்த வேலையில் கொஞ்சம் வீணாகும். குடலில் கோளாறு இருந்தால் இன்னும் வீணாகும்.

ஃபோலிக் ஆசிட் ஆய்வுக்கூடத்தில் செய்தது. அதற்கு வாலில் ஒரே ஒரு துண்டுதான், அதனால் சுலபமாக உள்ளே போய்விடும். சூட்டுக்கும் காற்றுக்கும் அவ்வளவு சீக்கிரம் கெடாது. மாத்திரையிலும் மாவிலும் இதைச் சேர்ப்பதற்குக் காரணம் அதுதான். ஆனால் உள்ளே போன பிறகு இதற்கு வேலை அதிகம். உடம்பு இதைப் படிப்படியாக மாற்றி, கடைசியில் மெத்தில்ஃபோலேட் ஆக்க வேண்டும். ரத்தத்தில் பெரும்பாலும் ஓடுவது அந்த வடிவம்தான். நீங்கள் முருங்கைக்கீரை சாப்பிட்டாலும் சரி, மஞ்சள் மாத்திரை போட்டாலும் சரி, கடைசியில் வந்து சேருகிற இடம் அதுவே.

ஆக, உங்கள் நாத்தனார் சொல்வதில் பாதி உண்மை. எம்.டி.எச்.எஃப்.ஆர். என்ற மரபணுவில் சிலருக்கு ஒரு மாற்றம் இருக்கும். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் அது வந்திருந்தால், கடைசிப் படி மெதுவாக நடக்கும். ஆனால் நின்றுவிடாது. மற்றவர்கள் சாப்பிடுகிற அதே அளவு ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டால், இவர்களின் ரத்தத்தில் ஃபோலேட் சுமார் 16 சதவீதம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். "உடம்பில் சேரவே சேராது" என்பது சரியில்லை.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். குழந்தையின் முதுகுத்தண்டுக் குறையைத் தடுக்கும் என்று பெரிய ஆய்வுகளில் நிரூபித்த வடிவம் ஃபோலிக் ஆசிட்தான். ஏற்கெனவே அப்படி ஒரு குழந்தையைப் பெற்ற தாய்மார்களுக்கு தினம் 4 மி.கி கொடுத்துப் பார்த்து, திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்தது என்று 1991இல் வெளியிட்டார்கள். அப்படி எதுவும் இல்லாத பெண்களுக்கு சீனாவில் தினம் 400 மைக்ரோகிராம் கொடுத்தார்கள். அங்கும் நன்றாகக் குறைந்தது. மெத்தில்ஃபோலேட் ரத்தத்தில் ஃபோலேட்டை ஏற்றும், அதை மறுக்கவில்லை. ஆனால் குழந்தையின் விஷயத்தில் அதை வைத்து இவ்வளவு பெரிய சோதனை நடக்கவில்லை.

அம்மாவிடம் கோபப்படாதீர்கள். சாதாரணமாக நமக்கு வேண்டிய ஃபோலேட் சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்குப்படி ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 220 மைக்ரோகிராம், கர்ப்பமாக இருக்கும்போது 570. அரை கப் வெந்த பாலக்கில் 130 வரை இருக்கிறது. ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையில் 280 வரை. கீரைக்குத்தான் பேர், ஆனால் நம் வீட்டில் பெரும்பகுதியைக் கொடுப்பது பருப்பும் பயறும்தான். சாம்பார், பாசிப்பருப்புக் கூட்டு, காராமணி சுண்டல், வேர்க்கடலை என்று நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கிறது. வெண்டைக்காய், பீட்ரூட், ஆரஞ்சு, முட்டை இவற்றிலும் உண்டு.

கீரை சமைக்கும் விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனசு வரவில்லை. எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன், கீரையைக் குண்டான் நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தப் பச்சைத் தண்ணீரை வடித்துச் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். ஃபோலேட் தண்ணீரில் கரைவது. அப்படிக் கொதிக்க வைத்தால் பாதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். நறுக்குவதற்கு முன்னாலேயே கழுவுங்கள். கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து வேகவிட்டு, அந்தத் தண்ணீரோடு மத்தால் கடையுங்கள். நம் பாட்டிமார் மண்சட்டியில் கடைந்த கீரைக்குக் கீழே ஒரு சொட்டு வீணாகாது. ஆவியில் வேகவைத்தால் நஷ்டம் மிகக் குறைவு.

அப்புறம் எதற்கு மாத்திரை? இதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்தது. குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகப் போகிற அந்தக் குழாய், கரு உண்டான 28ஆம் நாளுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய், சந்தேகப்பட்டு, பரிசோதனை செய்து, வீட்டில் சொல்லி, டாக்டரிடம் போகும்போது ஏழு எட்டு வாரம் ஆகியிருக்கும். அந்த வேலை அதற்கு முன்னாலேயே முடிந்திருக்கும். பிரசவ வார்டில் நான் பார்த்த எத்தனையோ பெண்கள், "மூணாம் மாசத்துலேருந்து ஒரு நாள் விடாம மாத்திரை போட்டேனே சிஸ்டர்" என்று அழுதிருக்கிறார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. உங்கள் டாக்டர் சொல்லியிருக்கிறார், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஒரு மாதம் முன்னால் ஆரம்பித்து, கர்ப்பம் மூன்று மாதம் முடியும் வரை போட வேண்டும். கீரை அதோடு சேர்த்து, அதற்குப் பதிலாக இல்லை.

எங்கள் பேட்டையைப் பற்றி ஒரு விஷயம். இங்கே கோஷா ஆஸ்பத்திரி என்றால் ஆட்டோக்காரர் வழி கேட்காமல் கொண்டுபோய் விடுவார். இன்றைய அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. இங்கிலாந்திலிருந்து வந்த லூசி வில்ஸ் என்ற பெண் டாக்டர், பம்பாயில் மில் தொழிலாளிக் குடும்பத்துக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகையை 1928இலிருந்து ஆராய்ந்துவந்தார். இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகை வேறு, இது வேறு. இதில் ரத்த அணுக்கள் ஊதிப் பெரிதாக இருக்கும். ஈஸ்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான சாற்றைக் கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். அதை 1931இல் எழுதினார். பெயர் தெரியாத அந்தச் சத்தைப் பல வருஷம் வில்ஸ் காரணி என்றே அழைத்தார்கள். பின்னால் அதுதான் ஃபோலேட் என்று தெரிந்தது. அதே 1931இல் அவர் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார், அதற்கு முன்னால் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் இருந்திருக்கிறார். நான் வேலை பார்த்தது வேறு இடம். ஆனால் அந்த வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தம்மா ஞாபகம் வரும்.

இப்போது நான் உங்களிடம் கேட்க வேண்டியவை. உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா? வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா? உங்கள் வீட்டிலோ கணவர் வீட்டிலோ யாருக்காவது முதுகில் கட்டியோடு அல்லது தலை சரியாக மூடாமல் குழந்தை பிறந்ததா? வெட்கப்படாமல் பெரியவர்களிடம் கேளுங்கள். 400 மைக்ரோகிராமா, 5 மி.கி.யா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.

---

மருந்துக் கடை, அயனாவரம்:

சிஸ்டர் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்குப் பெரிதாக எதுவும் இல்லை. கடைப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள் மட்டும்.

வாசுகி மேடம், சீட்டில் அளவு என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 5 மி.கி என்றால் 5,000 மைக்ரோகிராம். 400 மைக்ரோகிராம் மாத்திரையைப் போலப் பன்னிரண்டரை மடங்கு. நம் ஊர்க் கடைகளில் அதிகம் ஓடுவது 5 மி.கி.தான், அதனால் அளவு புரியாத சீட்டு வந்தால் கை தானாக அந்த டப்பாவுக்குப் போகிறது. அது தப்பு. டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். என் கடையில் பையன்களுக்கு இதைத்தான் முதல் நாளே சொல்லிக் கொடுப்பேன்.

மெத்தில்ஃபோலேட் அட்டையில் "எல்-மெத்தில்ஃபோலேட் கால்சியம்" என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துக் கால்சியம் மாத்திரை என்று நினைத்து, இருந்த கால்சியத்தை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் உப்பு வடிவத்தின் பெயர், அதில் இருக்கும் கால்சியம் எலும்புக்குக் காணாது.

மூன்றாவது விஷயம் முக்கியம். மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மருந்து இருக்கிறது. முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் கொடுப்பார்கள். அது ஃபோலேட்டின் வேலையைத் தடுக்கிற மருந்து, அதனால் வேறு நாட்களில் ஃபோலிக் ஆசிடும் எழுதுவார்கள். இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரையாகத்தான் பெரும்பாலும் வரும். மாற்றிப் போட்டுக்கொண்டு, வாரம் ஒன்று போட வேண்டியதைத் தினம் போட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. வீட்டில் யாராவது அந்த மருந்து சாப்பிட்டால், உங்கள் மஞ்சள் மாத்திரையை வேறு டப்பாவில், வேறு அலமாரியில் வையுங்கள்.

இந்த இரண்டு மாத்திரைக்கும் பின்னால் நம் சென்னையில் படித்த ஒருவர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. எல்லாப்ரகட சுப்பாராவ். பீமாவரத்துக்காரர், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தார். கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. அதோடு அமெரிக்கா போனார். அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் எட்டு நாள் இடைவெளியில் இறந்தவர்கள். சாப்பாட்டுச் சத்து குடலில் ஏறாமலே ஆளை உருக்குகிற நோய் அது. அங்கே லெடர்லே என்ற மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழுதான் ஃபோலிக் ஆசிடைச் செயற்கையாகச் செய்து 1945இல் வெளியிட்டது. ஸ்ப்ரூவுக்கு அதுவே மருந்தானது. அதே மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றி அவர்கள் செய்த மருந்துகளைத்தான் போஸ்டனில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு முதலில் கொடுத்தார்கள். மெத்தோட்ரெக்சேட் அந்த வரிசையில் வந்தது. அந்த அட்டையைக் கையில் எடுக்கும்போது எனக்கு ஒரு மரியாதை தானாக வரும்.

---

ரமணி, மயிலாப்பூர்:

நான் கர்ப்பம் சம்பந்தமாக எழுதவில்லை, ஆனால் ஃபோலிக் ஆசிட் என்றதும் என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பாவுக்கு 67 வயது. பிறந்ததிலிருந்து சைவம், முட்டைகூடக் கிடையாது. சர்க்கரைக்குப் பன்னிரண்டு வருஷமாக மெட்ஃபார்மின். இரண்டு வருஷம் முன்னால் சோர்வாக இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை செய்ததில் ஹீமோகுளோபின் 8.4. அணுக்கள் பெரிதாக இருக்கின்றன என்றும் ரிப்போர்ட்டில் இருந்தது. நாங்கள் வழக்கமாகப் போகும் இடத்தில் ஃபோலிக் ஆசிட் 5 மி.கி எழுதினார்கள். பி12 என்ற இன்னொரு வைட்டமின் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11க்கு வந்தது. நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

ஆனால் அப்பாவுக்குக் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் மாட வீதியில் பாதி தூரம் நடந்து வந்திருக்கிறார். ஒரு நாள் தெப்பக்குளத்துப் பக்கம் தடுமாறி விழுந்தார். சர்க்கரையால் வருவது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கடைசியில் வேறொரு டாக்டர் பி12 பார்த்தார். 110, ரொம்பக் குறைவு. ஊசி போட ஆரம்பித்தோம். இப்போது பரவாயில்லை, ஆனால் முழுசாகச் சரியாகவில்லை. இரவில் கைத்தடி இல்லாமல் பாத்ரூம் போக முடியாது. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. ரத்தம் ஏறியதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம்.

---

சிஸ்டர், திருவல்லிக்கேணி:

ரமணி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இதை வாசுகியும் படிக்க வேண்டும். ஃபோலேட்டும் பி12உம் சேர்ந்து வேலை செய்பவை. மெத்தில்ஃபோலேட் தன்னிடம் இருக்கும் மெத்தில் என்ற சின்னத் துண்டை இறக்கி வைத்தால்தான் அடுத்த வேலைக்குப் போக முடியும். அதை வாங்கிக்கொள்ளும் நொதிக்குப் பி12 வேண்டும். பி12 இல்லையென்றால் ஃபோலேட் அப்படியே மாட்டிக்கொண்டு நிற்கும். ரத்தத்தில் நிறைய இருக்கும், உபயோகம் இருக்காது. ஃபோலிக் ஆசிடைப் பெரிய அளவில் கொடுத்தால் அது இந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய் ரத்த அணுக்களைச் சரிசெய்துவிடும். ரிப்போர்ட் நன்றாகிவிடும். ஆனால் நரம்புக்குப் பி12தான் வேண்டும், அது உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் பெரியவர்கள் ஃபோலிக் ஆசிடை ஒரு நாளைக்கு 1 மி.கி.க்கு மேல் போடக் கூடாது என்று வரம்பு வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

கீரையில் பி12 கிடையாது. பருப்பிலும் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான். மயிலாப்பூர் ஆனாலும் மாம்பலம் ஆனாலும், சுத்த சைவமாக இருப்பவர்களும் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களும் பி12 பார்க்காமல் 5 மி.கி ஃபோலிக் ஆசிடை மாதக்கணக்கில் போடவே போடாதீர்கள்.

---

குமரன், வியாசர்பாடி:

எங்கள் பாட்டி ஏழு பெற்றார். ஒரு மாத்திரை கிடையாது. ஏழும் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது ரேஷன் அரிசியில்கூட எதையோ கலக்கிறார்கள், களையும்போது மிதக்கிறது. பிளாஸ்டிக் அரிசி என்று எங்கள் தெருவில் பொறுக்கி எறிகிறார்கள். எல்லாவற்றிலும் எதற்கு இந்தச் சத்து?

---

சிஸ்டர், திருவல்லிக்கேணி:

தம்பி, உங்கள் பாட்டி நன்றாக இருந்தது எனக்கும் சந்தோஷம். ஆனால் வார்டில் எங்களிடம் வந்ததெல்லாம் அப்படி இல்லாத குழந்தைகள். உங்கள் வியாசர்பாடியிலிருந்தே ஒரு பெண் வந்தாள், தொண்ணூறுகளில். முதல் குழந்தைக்கு இடுப்புக்கு மேலே ஆரஞ்சுப் பழம் அளவு கட்டி, கால் இரண்டும் அசையாது. பத்து நாள்தான் இருந்தது. அடுத்த குழந்தைக்கு முன்னால் பெரிய டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு மாத்திரை கொடுத்து, மூன்று மாதம் கழித்துத்தான் கர்ப்பம் தரிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். பையன் பிறந்தான். தூக்கி முதுகைத் தடவிப் பார்த்தது அவள் இல்லை, நான்தான். வழவழவென்று இருந்தது.

அந்த மிதக்கிற அரிசி பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்பும் ஃபோலிக் ஆசிடும் பி12உம் கலந்து, திரும்ப அரிசி வடிவத்தில் பிழிந்து எடுத்து, நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தது. சில அரிசி லேசாக இருப்பதால் மிதக்கும். ஒரு கிலோவில் ஃபோலிக் ஆசிட் 75இலிருந்து 125 மைக்ரோகிராம்தான். அதனால் வாசுகி போன்றவர்களுக்கு அது மட்டும் போதாது. ஆனாலும் பொறுக்கி எறியாதீர்கள்.

---

வாசுகி, பெரம்பூர்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் எழுத முடியவில்லை.

சிஸ்டர், நீங்கள் கேட்டதை அம்மாவிடம் கேட்டேன். சர்க்கரை இல்லை, வலிப்பு இல்லை என்று நானே சொல்லிவிட்டு, கடைசிக் கேள்வியைச் சும்மாதான் கேட்டேன். அம்மா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார். எனக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தலை மேல் பகுதி மூடாமல் இருந்ததாம். அரை மணி நேரம்கூட இல்லையாம். பாட்டி அம்மாவிடம் குழந்தையைக் காட்டவே இல்லை. "கிரகணத்துல வெளிய போனேன், அதனாலதான்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் முப்பது வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். எனக்கு 29 வயது வரை இது தெரியாது. அப்பாவும் சொன்னதில்லை.

நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், 28 நாள் விஷயத்தை இரண்டு தடவை கேட்டார். "அப்ப அது கிரகணம் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். சரியாகத்தான் சொன்னேனா?

சீட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். 5 என்றும் படிக்கலாம், 0.5 என்றும் படிக்கலாம். இப்போது நான் எதைப் போடுவது?

---

சிஸ்டர், திருவல்லிக்கேணி:

சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். கிரகணத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஃபோலேட் குறைவுகூட ஒரு காரணம் மட்டும்தான், பரம்பரையும் வேறு பலவும் சேர்ந்து வருவது. அம்மா செய்த எதனாலும் வந்ததில்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். முப்பது வருஷம் இதைத் தூக்கிச் சுமந்திருக்கிறார்.

உங்கள் கணக்கு இப்போது மாறிவிட்டது. கூடப்பிறந்த குழந்தைக்கு அப்படி இருந்தது என்பதை உங்கள் டாக்டர் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படிக் குடும்பத்தில் இருந்தால் 400 மைக்ரோகிராம் போதாது என்று 5 மி.கி எழுதுகிற வழக்கம் உண்டு. அந்த மஞ்சள் மாத்திரையே உங்களுக்குச் சரியானதாக இருக்கலாம். ஆனால் அதைக் கடைக்காரரும் நானும் முடிவு செய்யக் கூடாது. போய், இதைச் சொல்லி, அளவை எழுத்தால் எழுதி வாங்குங்கள். பி12, ஹீமோகுளோபின் இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டர் சொல்லும் வரை கர்ப்பத்துக்கான முயற்சியைத் தள்ளிப் போடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. கர்ப்பமானதும் ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவற விடாதீர்கள். ஆட்டு ஈரலில் ஃபோலேட் நிறைய என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், முதல் மாதங்களில் வேண்டாம்.

---

மருந்துக் கடை, அயனாவரம்:

மேடம், மெத்தில்ஃபோலேட் அட்டையைப் பிரிக்கவில்லை என்றால் பில்லோடு வாங்கின கடையில் கேட்டுப் பாருங்கள், சில கடைகளில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம்.

---

வாசுகி, பெரம்பூர்:

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைத்திருக்கிறது. அம்மாவும் வருகிறேன் என்கிறார். நானே டாக்டரிடம் சொல்கிறேன், நீ சொல்ல வேண்டாம் என்கிறார். நேற்று ராத்திரி அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைக்க நினைத்திருந்தார்கள் என்று கேட்டேன், சொன்னார்.